பரோட்டா கடை வாசலில் எண்ணெய்ப் பிசுக்கு: தண்ணீர் ஊற்றிக் கழுவியும் போகாதது ஏன்? எப்படிப் போக்குவது?

ராத்திரி 12 மணி. கடைசி கொத்து பரோட்டா பார்சலும் போயாச்சு. மாஸ்டர் அடுப்பை அணைக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி முடித்த ஊழியர், நடைபாதையில் நாலு குடம் தண்ணீரை வீசி, விளக்குமாறால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டு ஷட்டரை இழுக்கிறார். பார்க்க சுத்தமாகத்தான் இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகிறவர் அதே இடத்தில் கால் வைத்ததும் சர்ரென்று வழுக்குகிறது.

தமிழ்நாட்டில் ராத்திரி நேரம் சாலையோரம் மேசை போட்டு நடக்கிற கடைகள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அத்தனை தண்ணீர் ஊற்றியும் பிசுக்கு ஏன் போவதில்லை? எப்படிக் கழுவினால் போகும்? கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?

இவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

பரோட்டா கடையில் கல் இருப்பது உள்ளே இல்லை, வாசலில். வாடிக்கையாளரை இழுப்பதே அந்தச் சத்தமும் வாசனையும்தான். மாவு எண்ணெயில் ஊறுகிறது, எண்ணெய் தடவிய பலகையில் வீசப்படுகிறது, பிறகு எண்ணெய் ஊற்றிய கல்லில் வேகிறது. சூடான கல்லில் ஈரமாவு படும்போது அதிலுள்ள தண்ணீர் சட்டென ஆவியாகும். அந்த ஆவி, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளையும் கூடவே தூக்கிக்கொண்டு கிளம்பும். கல்லுக்குப் பக்கத்து மேசை, மேலே கட்டிய தகர ஷீட், ட்யூப் லைட், கீழே தரை என்று எல்லாவற்றிலும் அது படியும். ஆம்லெட், கலக்கி போடும்போதும் இதே கதைதான்.

இன்னொரு பக்கம் சால்னா. மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய்தான் அதற்கு அழகு. வாளியிலிருந்து இலைக்குப் போகும் வழியில் சிந்துவது, இலையை மடிக்கும்போது வழிவது, எச்சில் இலையை எடுத்துப்போகும்போது சொட்டுவது என மேசையிலும் தரையிலும் சேர்ந்துகொண்டே போகும். அதன்மேல் சாலைப் புழுதி வந்து ஒட்டும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்த அந்தக் கறுப்புப் பூச்சுதான் நாம் பார்க்கிற பிசுக்கு.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தலையில் எத்தனை சொம்பு வெறும் தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் இறங்காது. சீயக்காயோ அரப்போ போட்டால்தான் இறங்கும். குளித்து முடித்த பாத்ரூம் தரை எப்படி வழுக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கடை வாசலில் நடப்பதும் அதேதான். என்ன, அங்கே சீயக்காய் போடுவதில்லை.

தண்ணீரும் எண்ணெயும் கலக்காது. வெறும் தண்ணீர் எண்ணெயை எடுத்துச் செல்வதில்லை. ஒரு இடத்தில் கெட்டியாக இருந்ததை மெல்லியதாகப் பரப்பி, பக்கத்து நாலடிக்கும் பூசிவிடுகிறது. அதனால்தான் கழுவிய பிறகு முன்பு வழுக்காத இடமும் வழுக்கும்.

சோப்பு, டிடர்ஜென்ட் போன்றவற்றின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று எண்ணெயைப் பிடிக்கும், இன்னொன்று தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். சீயக்காயில் உள்ள சப்போனின் என்ற பொருள் செய்வதும் இதே வேலைதான்.

பழைய பிசுக்கு மட்டும் தனி ரகம். எண்ணெய் தொடர்ந்து சூட்டிலும் காற்றிலும் இருந்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷ் அடித்ததுபோல் மஞ்சளாக, பசை மாதிரி இறுகிவிடும். புது தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்கும்போது கல்லில் ஏற்படுகிற பூச்சும் இதே வகைதான். கல்லில் அது வேண்டும், மேசையில் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் இப்படி இறுகுவதில் பாமாயிலைவிட வேகம். அந்தந்த நாள் சிந்தியதை அன்றன்றைக்கே எடுத்தால் பத்து நிமிட வேலை. ஒரு மாதம் விட்டால் சுரண்டித்தான் எடுக்கணும்.

சரி, எப்படிக் கழுவணும்?

முதல் வேலை, தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் இருப்பது. இதில்தான் பெரும்பாலான கடைகள் தவறுகின்றன.

ஈரம் படும் முன் எண்ணெயை எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் காய்ந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். மேசையில் என்றால் பழைய செய்தித்தாள் அல்லது டிஷ்யூவால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடலாம். தேய்க்காமல் ஒற்றினால் போதும். இறுகிப்போன பிசுக்கை, பிளாஸ்டிக் தகடு ஒன்றால் சுரண்டலாம். தரையில் சால்னாவோ எண்ணெயோ கொட்டிவிட்டால் உடனே மரத்தூள், உமிச் சாம்பல், காய்ந்த மணல் இதில் எது கிடைக்கிறதோ அதைத் தூவி, கால் மணி நேரம் விட்டுக் கூட்டி அள்ளினால் எண்ணெயில் பெரும்பகுதி அதிலேயே ஏறிவிடும். மர அறுவைக்கடைக்குப் போனால் ஒரு மூட்டை தூள் பெரிய விலை இருக்காது. ஒன்று கவனம்: எண்ணெய் ஊறிய மரத்தூளை அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது, சட்டெனத் தீப்பிடிக்கும்.

அடுத்து சுடுதண்ணீர். கொதிக்க வேண்டியதில்லை. கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் மேசை வளையும், தெறித்தால் கால் வெந்துபோகும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரி. 10 லிட்டர் பக்கெட்டுக்கு 100 கிராம் அளவு வாஷிங் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட். வாஷிங் சோடா என்பது துணிக்குப் போடுகிற சலவை சோடா. ஆப்பமாவில் போடுகிற சோடா உப்பு வேறு. அதன் காரத்தன்மை குறைவு, இந்த வேலைக்குப் பத்தாது.

இந்தக் கரைசலை ஊற்றியதும் தேய்க்க ஆரம்பித்துவிடக் கூடாது. பத்து நிமிடம் ஊறட்டும். காரம் எண்ணெயில் வேலை செய்ய நேரம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் அரைமணி நேரம் தேய்ப்பவர்களே அதிகம். ஊறும்போது காய்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு நார்த் தேய்ப்பானாலோ தரைக்கு முரட்டு பிரஷ்ஷாலோ தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி, வைப்பரால் தள்ளிக் காயவிட வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவும் வழுக்கும், புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கையுறை கட்டாயம். எண்ணெயை எடுக்கிற காரம், தோலில் உள்ள எண்ணெயையும் எடுத்துவிடும். தினமும் வெறுங்கையோடு இந்த வேலை செய்கிறவர்களின் விரல்கள் வெடித்துப்போவது அதனால்தான்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்டீல் மேசை, கிரானைட், டைல்ஸ் மீது ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகப் பிரிந்து உருண்டால் அந்த இடத்தில் இன்னும் பிசுக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் மேசையில் இந்தச் சோதனை பலிக்காது. பிளாஸ்டிக்கே தண்ணீரை ஒட்டவிடாத பொருள்.

மேசைக்கு மேசை மாறும்

பழைய கடைகளில் இருக்கிற கடப்பா கல், சுண்ணாம்புக்கல் வகை. அதில் ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் படக் கூடாது. கல்லின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த நாளே எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். கிரானைட் கொஞ்சம் தாங்கும். அலுமினியத் தகடு அடித்த மேசை என்றால் வாஷிங் சோடா வேண்டாம், கறுத்துவிடும். பாத்திர லிக்விட் மட்டும் போதும்.

வாசலில் போட்ட சிமெண்டுத் தரையும் பேவர் பிளாக்கும்தான் கஷ்டம். இரண்டிலும் நுண்துளைகள் நிறைய. எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் மேலே தேய்த்துப் பலன் குறைவு. கறை உள்ள இடத்தில், சலித்த சாம்பல் அல்லது சுண்ணாம்புத் தூளில் டிடர்ஜென்ட் கரைசலைக் குழைத்து, இட்லி மாவு பதத்தில் அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஒரு ராத்திரி விட வேண்டும். பிறகு ஷீட்டை எடுத்துக் காயவிட்டால், காயும்போது உள்ளே போன எண்ணெயை அது மேலே உறிஞ்சும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை செய்யவேண்டி வரலாம்.

அப்புறம் மஞ்சள் கறை. வெள்ளை பிளாஸ்டிக் மேசையில் சால்னா கொட்டிய இடத்தில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கறை அதிகமாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் குணம் கொண்டது, அவ்வளவுதான். சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும் இதுவே. குர்குமின் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுவதால் தேய்த்து எடுப்பது சிரமம். எண்ணெயைக் கழுவிவிட்டு மேசையை நல்ல வெயிலில் கவிழ்க்காமல் போட்டுவைத்தால் ஓரிரு நாளில் நிறம் மங்கிவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு இதாவது பயன்.

ப்ளீச்சிங் பவுடர் போட்டால் போகாதா?

போகாது. ப்ளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், நிறத்தை வெளுக்கும். எண்ணெயை அகற்றும் வேலை அதனுடையது இல்லை. பிசுக்கு இருக்கும் இடத்தில் அதைத் தூவினால் கிருமிகூடச் சரியாகச் சாகாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் கிருமிகள் பத்திரமாக இருக்கும். முதலில் எண்ணெயை எடுத்துவிட்டு, அலசிவிட்டு, அதன்பிறகு கிருமிநாசினி. ஸ்டீல் மேசையில் ப்ளீச்சை அப்படியே விட்டால் குழிக்குழியாக அரிக்கவும் செய்யும்.

பெரிய ஆபத்து வேறு. பிசுக்கு போகவில்லையே என்று ப்ளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. கண் எரியும், மூச்சு அடைக்கும், மூடிய இடமாக இருந்தால் உயிரே போகலாம். எந்தச் சூழ்நிலையிலும் இந்த இரண்டையும் கலக்காதீங்க. தெரியாமல் கலந்துவிட்டால் கழுவிச் சரிசெய்யலாம் என்று அங்கே நிற்காமல் எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு நகர்ந்துவிட வேண்டும்.

காஸ்டிக் சோடா பிசுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் தோலையும் எடுக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். முகக்கவசக் கண்ணாடி, நீளக் கையுறை இல்லாத இடத்தில் அதை வாங்கி வைக்காமல் இருப்பதே நல்லது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை கேஸ் அடுப்பு இருக்கும் இடத்துக்கு வரவே கூடாது.

துடைக்கிற துணி

"அண்ணே, டேபிளைக் கொஞ்சம் துடைங்க" என்று சொன்னதும் தோளில் கிடக்கிற துணி வரும். அதே துணிதான் பத்து மேசைக்கும். எண்ணெய் ஏறிய துணியால் துடைத்தால், முதல் மேசையின் எண்ணெய் பத்தாவது மேசைக்குப் போகும், கூடவே கிருமியும். ஈரமும் உணவுத் துணுக்கும் உள்ள துணி, கிருமி வளர ஏற்ற இடம். ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு துணி ஒதுக்கி, ஒன்று பிசுபிசுத்ததும் மாற்றி, எல்லாவற்றையும் கடைசியில் சோடா போட்டு வேகவைத்து உலர்த்தினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். செலவு என்று பார்த்தால் ஒரு பழைய வேட்டி.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

கடைக்காரர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. சாலையோரம் இருப்பது மழைநீர் வடிகாலா, பாதாளச் சாக்கடையா என்பது முக்கியம். மழைநீர் வடிகாலில் போவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே நீர்நிலைக்குப் போகும். சென்னையில் என்றால் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கடல். எண்ணெய்ப் படலம் தண்ணீரின் மேல் மிதந்தால் காற்று உள்ளே கரைவது தடைபடும்.

பாதாளச் சாக்கடைக்குப் போனால் வேறு பிரச்சினை. சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடுகிற டால்டாவும் பாமாயிலும் உள்ளே போய் ஆறியதும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில் உள்ள அமிலங்கள், கான்கிரீட்டிலிருந்து வரும் கால்சியத்தோடு சேர்ந்து ஒருவகைக் கெட்டி சோப்பாக மாறும். தண்ணீரில் கரையாது. டிஷ்யூ, முடி, பிளாஸ்டிக் பை எல்லாம் அதில் ஒட்டிக் கல்லாக இறுகும். 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் தெருவுக்கு அடியில் இப்படி உருவான கட்டி சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதன் ஒரு துண்டை அடுத்த ஆண்டு அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள்.

லண்டனில் இதை உடைத்தவர்கள் முழுக் கவச உடையில், உயர் அழுத்தத் தண்ணீர்க் கருவிகளோடு இறங்கினார்கள். இங்கே அடைப்பு எடுக்க என்ன நடக்கிறது என்பது செய்தி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சாக்கடைக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் முகரும் உணர்வையே முடக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடை, செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கடைக்கு முன்னால் அடைத்துக்கொண்டதும் "யாராவது ஆளைக் கூப்பிட்டு எடுத்துவிடலாம்" என்று தனியாக ஆள் தேடுகிற உரிமையாளருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உள்ளாட்சி அமைப்பிடமோ குடிநீர் வாரியத்திடமோ புகார் செய்து இயந்திரத்தை வரவழைப்பதே வழி.

சின்னக் கடை என்ன செய்ய முடியும்?

பெரிய ஹோட்டல்களில் கழுவுநீர் வெளியேறும் வழியில் கிரீஸ் டிராப் என்ற தொட்டி வைப்பார்கள். தண்ணீர் அதில் கொஞ்ச நேரம் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், அடியிலிருந்து தண்ணீர் மட்டும் வெளியேறும். கால் பங்கு எண்ணெயும் கசடும் சேர்ந்துவிட்டாலே அள்ள வேண்டும். அள்ளாத தொட்டி இருந்தும் பயனில்லை. பாத்திரம் கழுவும் சிங்க்குக்குக் கீழே பொருந்துகிற சின்ன அளவிலும் இது கிடைக்கிறது.

அதற்கும் இடமில்லாத தள்ளுவண்டிக் கடை, நடைபாதைக் கடைகளுக்கு, முதலில் சொன்ன காய்ந்த நிலையில் துடைக்கும் வேலைதான் கிரீஸ் டிராப். சோப்பு கலந்த தண்ணீரில் எண்ணெய் மறுபடி பிரிந்து மிதப்பது கடினம், எனவே கழுவும் முன்பே எடுத்தால்தான் உண்டு. தட்டு, சட்டி, மேசை எல்லாவற்றையும் பேப்பரால் வழித்துவிட்டுக் கழுவினால் சாக்கடைக்குப் போகும் எண்ணெய் வெகுவாகக் குறையும்.

சட்டியில் மிஞ்சிய பழைய எண்ணெயைக் கண்டிப்பாகக் கீழே ஊற்றக் கூடாது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அப்படிக் கழிக்கும் எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்க அனுப்பும் 'ரூக்கோ' திட்டத்தையும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அதே ஆண்டு தொடங்கியது. கேனில் சேர்த்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

இன்னொரு விஷயம் நேரம். சாயங்காலத்திலிருந்து நின்றே வேலை பார்த்தவரிடம், ராத்திரி 12 மணிக்கு அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் முடி என்றால் அவர் நாலு குடம் தண்ணீரைத்தான் வீசுவார். கூட்டம் குறைகிற பத்தரை மணிக்கே ஒரு பக்கத்து மேசைகளை மூடி, கரைசலை ஊறப் போட்டுவிட்டால், கல் அணைகிற நேரத்தில் பாதி வாசல் முடிந்திருக்கும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சுடுதண்ணீரும் கிடைத்துவிடும்.

சாப்பிடப் போகிறவர்கள் எதைப் பார்க்கலாம்?

மேசையின் மேல்பக்கத்தைவிட, விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பசைபோல் ஒட்டினால் வெகுநாளாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். கல்லுக்கு மேலே இருக்கிற தகர ஷீட்டையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தொங்கினால் அது பரோட்டாவில் விழும் என்பது ஒரு பக்கம், கல்லிலிருந்து நெருப்பு எழும்பினால் முதலில் பற்றுவதும் அதுதான். அப்படி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. சட்டியில் பிடித்த தீ என்றால் கேஸை மூடி, பாத்திரத்தை மூடியால் அடைக்க வேண்டும். ஷீட்டுக்குத் தாவிவிட்டால் கேஸை மூட முடிந்தால் மூடிவிட்டு, எல்லோரையும் விலக்கி 101-ஐ அழையுங்கள்.